எந்தத் தரையிலிருந்து அளக்கிறது?

அன்று அந்த வரைபடத்தில் ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது, அக்கா என் வார்த்தையை நம்பினாரா, இல்லையா? மூன்று வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. நம்பித்தான் போட்டார் என்றால் நான் ஒருவரை ஏமாற்றியிருக்கிறேன். நம்பாமல் போட்டார் என்றால், நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஓர் இடத்தில் அவரை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நிறுத்தி வைத்திருந்தோம். எது என்று தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி வருந்தலாம். தெரியாததால் இரண்டுக்கும் வருந்துகிறேன்.

அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய பெயரைப் போடுவதற்கு அவரிடம் கேட்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியவற்றின் வரிசையில் அது கடைசியில் இருக்கிறது.

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே கைப்பேசி உறை விற்கும் கடை. நடுவில் ஊருக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள். மேலே நாங்கள் ஐந்து பேர். பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி சீனர், நல்லவர், அவசரக்காரர். தொலைபேசியையும் கடிதங்களையும் வாணி பார்த்துக்கொண்டாள். நான் கட்டடக்கலையில் பட்டயம் படித்துவிட்டு, பகுதிநேரமாகப் பட்டமும் முடித்தவள். அக்கா வரைவாளர். பதினைந்து வருடமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர். வயதில் என்னைவிட எட்டோ ஒன்பதோ மூத்தவர், பதவியில் எனக்குக் கீழே. இந்தக் கணக்கு எங்கள் இருவருக்குமே கொஞ்சம் கூச்சமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு மட்டும்தான் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

அவர் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில். விடியுமுன் கிளம்பி, கடற்பாலத்தில் பேருந்தோடு ஊர்ந்து, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, அங்கிருந்து ரயில் பிடித்து, ஏழு மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிடுவார். அலுவலகம் திறப்பது ஒன்பதுக்கு. அவரிடம் ஒரு சாவி இருந்தது. நான் எட்டரைக்குப் போனால், மேசையில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். மடிப்புத் தடம் கன்னத்தில் பத்து மணி வரைக்கும் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர்தான் கீழே வந்து என்னை மேலே கூட்டிப் போனார். அந்த மாடிப்படி செங்குத்து. முன்னால் ஏறிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

“கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உசரம். பாத்து.”

“சரிக்கா.”

அன்று தாண்டிவிட்டேன். மறுநாள் மறந்துபோய், கையில் சாப்பாட்டு டப்பாவுடன் அந்தப் படியில் இடறி, வரவேற்பு மேசைக்கு முன்னால் மண்டியிட்டு நின்றேன். வாணி கும்பிடு போட்டாள்.

“வாங்க வாங்க. இங்க எல்லாரும் முதல்ல இப்படித்தான் வருவாங்க. உங்களுக்கு அக்கா சொன்னாங்களா, இல்லையா?”

“சொன்னாங்க.”

“நேத்து சொன்னாங்க. இன்னைக்கு சொல்ல மாட்டாங்க. அதான் அவங்க ரூல்.”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். எதையும் ஒரே ஒரு தடவைதான் சொல்வார் என்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. அதுதான் அவர். அவரைப் பற்றி எனக்கு நினைவிருக்கும் எல்லாமே கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது.

கோப்பிக்கடையில் “கோப்பி ஓ கோசோங்” என்பார். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம். கடைக்காரர் பத்தில் மூன்று தடவை பால் ஊற்றிய கோப்பியைக் கொண்டுவந்து வைப்பார். அக்கா அதைக் குடிப்பார். “மாத்தித் தரச் சொல்லுங்கக்கா” என்றால், “சொல்லியாச்சுல்ல” என்பார். முகத்தில் கோபம் இருக்காது. அன்றைக்குப் பால் கோப்பி என்று விதித்திருக்கிறது என்பதுபோலக் குடிப்பார்.

முதலாளியின் அறையில் வருகிறவர்கள் உட்கார ஒரு நாற்காலி உண்டு. அதன் பின்கால் ஒன்று ஆடுகிறது என்று அக்கா அவரிடம் சொன்னார். அவரும் தலையாட்டினார். பத்து நாள் கழித்து, தரை ஓடு விற்கும் நிறுவனத்தின் விற்பனையாளர் அதில் உட்கார்ந்து, மாதிரிக் கற்கள் நாலா பக்கமும் சிதற விழுந்தார். நல்லவேளை அடிபடவில்லை. முதலாளி அவரைத் தூக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாணி அக்காவின் மேசைக்கு வந்தாள்.

“ஏன்க்கா, இன்னொரு தடவை சொல்லியிருந்தா அந்த மனுஷன் இப்படி விழுந்திருப்பாரா?”

“சொன்னேன்லா.”

“ஒரு தடவைதானே சொன்னீங்க.”

“ஒரு தடவை சொன்னா தகவல் வாணி. ரெண்டாவது தடவை சொன்னா சண்டை. நான் பெர்மிட்ல இருக்கேன். எனக்கு சண்டை எல்லாம் கட்டுப்படியாகாது.”

வாணி சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்ததால் அது வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம். வேலை அனுமதி என்பது ஒவ்வொரு முறையும் முதலாளி கையெழுத்திட்டால்தான் நீளும் என்பது எனக்குத் தெரியும், ஒரு விதியாகத் தெரியும். காலையில் கண் விழித்ததும் நினைவுக்கு வரும் ஒன்றாக அது ஒருவருக்கு இருக்கலாம் என்று தெரியாது. நான் இங்கே பிறந்தவள்.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு, படிக்கட்டு வரைய ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். எங்கள் வேலையில் பாதி நேரம் படிக்கட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. நான் விடுப்பில் போவதற்குள் அதை முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. குழந்தை பிறந்த பிறகு நான் வேலைக்கு உதவாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதை யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பயந்தேன்.

மூன்றை எடுத்துப் பரிசோதித்தேன். ஒன்று, அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கோடு போட மட்டும்தான் தெரியும். படிகளை நாமே கணக்குப் போட்டு ஒவ்வொன்றாக வரைய வேண்டும். அக்கா அதில்தான் வரைந்துகொண்டிருந்தார். இன்னொன்று, முழு வீட்டையும் கணினிக்குள் எழுப்பிக் காட்டும் பெரிய மென்பொருள். படிக்கட்டு என்று தொட்டாலே கேள்வி கேட்டுக் கொல்லும். படியின் கனம் என்ன, விளிம்பு எவ்வளவு நீள வேண்டும், தரைப்பூச்சு எத்தனை மில்லிமீட்டர் என்று பக்கம் பக்கமாகக் கேட்கும். மூன்றாவது, பழையதோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு கருவி. கீழ்த்தளத்தின் கோட்டைத் தொட்டு, மேல்தளத்தின் கோட்டைத் தொட்டால் போதும். படிகளைச் சமமாகப் பிரித்து, கைப்பிடியும் சேர்த்து நிறுத்திவிடும். அதைச் சுற்றிச் சுழற்றிக் காட்டினால் வீட்டுக்காரர்களுக்கு முகம் மலர்ந்துவிடும்.

நான் எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வேன். வேகம், துல்லியம், கற்றுக்கொள்வதில் எளிமை என்று பத்திகள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பெரிய மென்பொருளுக்கு எதிரே, ‘கேள்விகள் அதிகம்’ என்று குறையாக எழுதினேன். அந்த வரி இப்போதும் என் கையெழுத்தில் என் கண்முன் நிற்கிறது.

முன்பு முடித்திருந்த ஒரு வீட்டின் அளவுகளைக் கொடுத்து, அதே படிக்கட்டை அக்காவைப் பழைய முறையில் வரையச் சொன்னேன். நான் சிறு கருவியில் வரைந்தேன். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் காகிதத்தில் கூட்டல் கழித்தல் போட்டு, முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பதினெட்டுப் படி. என்னுடையதில் ஒவ்வொரு படியும் நூற்றெழுபது மில்லிமீட்டர் உயரம். அவருடையதில் நூற்றறுபத்தேழு.

கையால் கணக்குப் போட்டால் இப்படித்தான் என்று நினைத்தேன். அட்டவணையில் கருவிக்குத் துல்லியம் ஐந்து, பழைய முறைக்குத் துல்லியம் மூன்று.

அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“இது எந்தத் தரையிலேருந்து அளக்குது? கான்கிரீட்லேருந்தா, மேல போடுற கல்லுலேருந்தா?”

“அது செட்டிங்ல இருக்கும்க்கா. நான் பாத்துக்கிறேன்.”

“சரி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொழில் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. கட்டும்போது தரை என்பது கான்கிரீட். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் கல் அல்லது மரப்பலகை என்று வரும். கீழ்த்தளத்தில் கல் பதித்தால் தரை நான்கு விரல் அளவுக்கு மேலேறும். மாடியில் மரம் போட்டால் ஒரு விரல்தான் ஏறும். கடைசியில் கால் எங்கே படுமோ அந்தத் தரையிலிருந்து படியைப் பிரிக்க வேண்டும். கான்கிரீட்டிலிருந்து பிரித்தால், எல்லாம் முடிந்த பிறகு கீழ்ப்படி குட்டையாகிவிடும், மேல்படி உயர்ந்துவிடும். நடுவில் இருப்பவை ஒழுங்காக இருக்கும் என்பதால் பார்வைக்குத் தெரியாது. கால்தான் கண்டுபிடிக்கும்.

அக்காவின் நூற்றறுபத்தேழு பிழை இல்லை. அவர் கல்லையும் மரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார். நான்தான் அதைப் பிழை என்று மதிப்பெண் குறைத்தேன்.

பாத்துக்கிறேன் என்று சொன்னது பொய் இல்லை. என் குறிப்பேட்டில் ‘தரை – செட்டிங்’ என்று எழுதினேன். மறுநாள் திறந்தும் பார்த்தேன். உள்ளே நாலைந்து தட்டல் தள்ளி, தரைப்பூச்சின் கனம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பூஜ்யம் என்று இருந்தது. வேலைக்கு வேலை கனம் மாறும், அந்தந்த வேலையின்போது நிரப்பிக்கொள்ளலாம், அதற்கு ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். எழுதியிருப்பேன். அந்த வாரம் எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். அதன் பிறகு என் குறிப்பேட்டில் என்ன சாப்பிட்டேன் என்பதுதான் இருக்கிறது.

என் பரிந்துரையை முதலாளி ஏற்றுக்கொண்டு கருவியை வாங்கினார். அக்கா ஒரு வாரத்தில் அதில் என்னைவிட வேகமாக வேலை செய்தார். தரையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. அவருடைய வேலைகளில் அந்தக் கட்டத்தை அவரே நிரப்பிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

காத்தோங்கில் ஒரு வீடு. கணவன், மனைவி, கைக்குழந்தை. கூடத்திலிருந்து மாடிக்கு ஒரு இரும்புப் படிக்கட்டு, மேலே மிதிக்க மரப்பலகைகளோடு, பட்டறையிலேயே முழுதாகச் செய்து கொண்டுவந்து நிறுத்துவது. அந்தப் படிக்கட்டை நான்தான் வரைந்தேன். விடுப்பில் போவதற்கு முந்தின நாள் அது. கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அட்டைப்பெட்டியின் மேல் வைத்திருந்தேன். பட்டறைக்காரர் நாலு மணிக்குள் வேண்டும் என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அச்செடுத்து, ‘வரைந்தவர்’ கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, அக்காவின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் படிகளை எண்ணினார். விளிம்பு அளவுகளைப் பார்த்தார். பிறகு கீழ்ப்படியின் மேல் பேனாவின் மூடியை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பாத்துட்டேன்க்கா” என்றேன்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் எதையும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். எதைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்துச் சொன்னேன் என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அளவுகளைப் பார்த்திருந்தேன். கைப்பிடியைப் பார்த்திருந்தேன். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இருந்ததை முன்பு ஒரு நாள் பார்த்திருந்தேன். அன்றைக்குப் பார்க்கவில்லை.

அக்கா கையெழுத்துப் போட்டார். “போ, கால் எப்படி வீங்கியிருக்கு பாரு. போய்ப் படு” என்றார். லிப்ட் இல்லாத அந்த மாடியிலிருந்து என் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வரைக்கும் வந்து டாக்சி ஏற்றிவிட்டார். அந்த உயரமான படியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது வாணி தொலைபேசியில் கூப்பிட்டாள். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன்.

“உங்களுக்கு விஷயம் தெரியுமா? காத்தோங் வீட்டுக்கார அம்மா படியில விழுந்துட்டாங்க. கை மணிக்கட்டு ஒடைஞ்சிருச்சு.”

“குழந்தை?” என்றேன்.

“குழந்தை கையில இல்ல. துணிக்கூடைதான் இருந்துச்சு. எறங்கி வரும்போது கடைசில இன்னும் ஒரு முழுப் படி இருக்குன்னு கால வெச்சிருக்காங்க, தரை சீக்கிரமே வந்துருச்சு. ஆள் போய் அளந்து பாத்தா கீழ்ப்படி மத்த படியைவிட அவ்வளவு கம்மி. முதலாளி வரைபடத்தை எடுத்து மேசையில போட்டு, யாரு சரிபார்த்ததுன்னு கேட்டாரு.”

நான் குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“நான்தான் பாத்தேன், என் தப்புன்னு சொன்னாங்க. அவ்ளோதான். வேற ஒரு வார்த்தை இல்ல. நான்கூட வெளிய வந்து கேட்டேன், வரைஞ்சது நீங்க இல்லையே, அதைச் சொல்லலாம்லன்னு. அந்தப் புள்ள பச்ச ஒடம்புக்காரின்னாங்க. பெர்மிட் புதுப்பிக்கிற மாசம் வேற. முதலாளி புதுப்பிக்கல. நேத்தோட கடைசி நாள். சாவியைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க.”

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“நீ இப்பப் போய்ச் சொன்னா அவங்க வேலை திரும்ப வந்துருமா?”

“தெரியலங்க.”

“உன் வேலையும் போகும். அது மட்டும்தான் நிச்சயம். அடுத்த மாசம் சேரணும். முதல்ல நீ உடம்பைப் பாரு. அப்புறம் நிதானமா யோசிச்சுச் சொல்லலாம்.”

நிதானமாக யோசிக்கலாம் என்பது எனக்கு வசதியாக இருந்தது. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் கேட்டேனோ என்றுகூட இப்போது சந்தேகம். நான் அந்த அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடிதம் எழுதி விலகிக்கொண்டேன். முதலாளி வாழ்த்துச் சொல்லிப் பதில் அனுப்பினார். அதில் படிக்கட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு இன்றுவரை தோன்றவில்லை. ‘வரைந்தவர்’ கட்டத்தில் என் எழுத்துகள் இருக்கின்றன. படித்தவள் வரைந்ததில் பிழை இருக்காது, சரிபார்த்தவர்தான் விட்டுவிட்டார் என்று அவர் நினைத்திருக்கலாம். அக்காவின் கணக்குக்கு நான் மதிப்பெண் குறைத்தேனே, அதுபோல.

வாணி கூப்பிட்ட இரண்டாம் நாள், மதியம், அக்காவிடமிருந்து கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது.

‘பாப்பா குப்புற விழுந்துட்டாளா?’

வேறு ஒன்றும் இல்லை. வேலை போனதைப் பற்றி இல்லை, வீட்டைப் பற்றி இல்லை. ஐந்து மாதக் குழந்தையின் தாயிடம் எவரும் கேட்கும் கேள்வி. என் மகள் அந்த வாரம்தான் முதல்முறையாகக் குப்புற விழுந்திருந்தாள். ‘விழுந்துட்டாக்கா’ என்று தட்டினேன். அனுப்பவில்லை. அதை மட்டும் அனுப்பினால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நடிப்பதாக ஆகும். தெரியும் என்று எழுதினால் அதற்குப் பின்னால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நாளைக்கு நன்றாக யோசித்து எழுதுவோம் என்று அழித்தேன். மறுநாளும் தட்டி அழித்தேன். ஒரு வாரம் ஆனதும், இத்தனை நாள் ஏன் பதில் இல்லை என்பதற்கும் சேர்த்துக் காரணம் எழுத வேண்டியதாகிவிட்டது. ஒரு மாதம் ஆனதும் இன்னும் கடினமானது.

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியுமே.

இப்போது நான் வேறொரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், பெரியது. சென்ற மாதம் அங்கேயும் படிக்கட்டுக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னைப் போட்டார்கள். விற்க வந்த இளைஞர் திரையில் இரண்டு கோடுகளைத் தொட்டு, படிக்கட்டை எழுப்பிக் காட்டினார்.

“இது எந்தத் தரையிலிருந்து அளக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“அதெல்லாம் செட்டிங்கில் இருக்கிறது மேடம்” என்றார்.

“இப்போது காட்டுங்கள்.”

அவர் அடுத்த படத்துக்குப் போனார். மறுபடி கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்றார். மூன்றாவது தடவையும் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். யாரோ இருமினார்கள். இளைஞர் கடைசியில் அந்தக் கட்டத்தைத் திறந்தார். பூஜ்யம் இருந்தது. அது பூஜ்யமாக இருந்தால் வரைபடத்தை அச்செடுக்க விடாத ஏற்பாடு வேண்டும் என்று சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். கூட்டம் முடிந்ததும் என் மேலதிகாரி, “நல்ல கேள்வி” என்றார்.

அந்தப் பாராட்டுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கழிப்பறைக்குப் போய் நின்றேன். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம் சுளித்தார்கள், பிறகு பாராட்டினார்கள். அக்காவின் சுபாவம் என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தது சுபாவமே இல்லையோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜொகூரில் தன் வீட்டில், தன் பிள்ளைகளிடம், அவர் ஒன்றைப் பத்துத் தடவை சொல்கிறவராகக்கூட இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. கூப்பிட்டார், ஒரு தடவை.

என் மகளுக்கு இப்போது மூன்றரை வயது. புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் இருந்தும் அவளுக்குப் படிதான் வேண்டும். எண்ணிக்கொண்டே ஏறுவாள். நான் பின்னாலேயே, “மெதுவா, பாத்து, கையைப் புடி, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே போவேன். போன வாரம் அவள் நின்று திரும்பி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “அம்மா, ஒன் டைம் சொன்னா போதும்லா” என்றாள். எதிரே இறங்கி வந்த மலாய்க்கார அம்மாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் அந்த நிற்பு புரிந்து சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

நேற்று வாணியிடம் பேசினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு அலுவலகத்திலிருந்து அக்காவைப் பற்றி விசாரித்துக் கூப்பிட்டார்களாம். முதலாளி, “வேகமானவர், ஆனால் கவனம் போதாது” என்று சொன்னாராம். அந்த வேலை கிடைத்ததா என்று வாணிக்குத் தெரியவில்லை. ஆக, இது மூன்று வருடத்துக்கு முன் முடிந்துபோன விஷயம் இல்லை. ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் என் பிழை அவர் பெயரில் இன்னும் சொல்லப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த ஒருத்தியால்தான் முடியும்.

முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். வரைந்தது நான், செட்டிங்கை நிரப்பாதது நான், அக்கா முன்கூட்டியே கேட்டார், பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னதால்தான் கையெழுத்திட்டார் என்று நாலே வரி. கடைசி வரியில்தான் தடுக்கிக்கொள்கிறேன். நான் சொன்னதால்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? அவரைக் கேட்காமல் அதை எழுதினால், என்னை நம்பிப் பிழையைக் கவனிக்காமல் விட்டவர் என்று அவர் மறுபடி ஆகிவிடுவாரா? என் கணவர், “அனுப்பு. ஆனா அவங்ககிட்ட முதல்ல சொல்லிட்டு அனுப்பு” என்கிறார். இந்தத் தடவை நான் அவரிடம் வசதியான பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை, அவரும் அதைச் சொல்லவில்லை.

அக்காவின் எண் இன்னும் வேலை செய்கிறது. பெயருக்குப் பக்கத்திலிருக்கும் படம் அவ்வப்போது மாறுகிறது. இப்போது சிமெண்டுப் படியொன்றில் படுத்திருக்கும் ஒரு பூனை இருக்கிறது. அதற்குக் கீழே அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கான சரியான பதில் காலாவதியாகிவிட்டது. குப்புற விழுந்தாயிற்று, தவழ்ந்தாயிற்று, நடந்தாயிற்று. இப்போது படியேறுகிறாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களில் யாராவது, இவ்வளவு தாமதமாக ஒரு பதிலை அனுப்பியிருந்தால், எப்படித் தொடங்கினீர்கள்? அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, பிறகு அவர் கேட்காததைச் சொல்வதா? அல்லது அவர் கேட்காததை முதலில் சொல்லிவிட்டு, என் மகளைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதா? அவர் அதை ஒரு தடவைதான் படிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியை எனக்கு எழுதி அனுப்புங்கள்.